பூட்டிய ஆபீசில் அடித்த மணி

டெலிபோன் இணைப்புப் பலகையின் இடது ஓரத்தில் இருந்த சின்னத் தகடு ஒன்று டக்கென்று விழுந்தது. கிராமப்புறக் கம்பி ஒன்றில் யாரோ போனின் கைப்பிடியைச் சுற்றி எங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிரம்பான் டெலிபோன் எக்சேஞ்சில் ஞாயிறன்று ஆள் குறைவு. நீளமான பலகைக்கு முன்னால் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வெளியே நாள்கணக்கில் விடாத மழை. வாசலில் சாய்த்து வைத்திருந்த குடைகளிலிருந்து வழிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் எங்கள் கால்வரை வந்துவிட்டது.

மலேசியாவில் எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

பிளக்கைச் செருகிப் பேசினேன். மறுமுனையில் ஒரு சீனர். மூச்சு வாங்கியது. மலாயில்தான் பேசினார். மேலே, ஆறு தொடங்குகிற பக்கத்தில், ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட பெரிய குட்டை ஒன்று இருந்தது. லம்பம் என்பார்கள் எங்கள் ஆட்கள். அதற்குக் காவலாளி அவர். போலீஸ் நிலையத்துக்குப் பேச வேண்டும் என்றார். அடித்துப் பார்த்தேன். அந்தக் கம்பி செத்துக் கிடந்தது. அடுத்த ஊர் நிலையம் கிடைத்தது. ரோடு முழுகிவிட்டது, சுற்றிக்கொண்டு வர நேரமாகும் என்றார்கள்.

அவர் போனை வைக்கவில்லை. என்னிடமே சொன்னார். குட்டையின் கரை ஒரு பக்கம் சரிய ஆரம்பித்துவிட்டது. இனி நிற்காது. கரை போனால் அத்தனை தண்ணீரும் ஆற்றில்தான் இறங்கும். கீழே ஒரு எஸ்டேட் இருக்கிறது, ஆற்றை ஒட்டியே வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள் என்றார்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் இருக்கலாம், அதுகூட இல்லாமல் போகலாம், தெரியாது என்றார்.

எந்த எஸ்டேட் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆற்றோரத்தில் இருந்தது ஒன்றுதான். லிங்கிக்குப் போகும் வழியில் இருந்த அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். ஆற்றை ஒட்டிய கீழ்லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில், என் அப்பாவும் அம்மாவும் அந்த நேரம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள்.

குரல் இல்லாத போன்

தோட்டத்தில் போன் எப்படி இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மந்தினிலிருந்து இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் போனே கிடையாது என்று அவருடைய மாமியார் சொல்கிறாராம். நீங்கள் இருந்தது என்று எழுதுகிறீர்களே, யார் சொல்வது சரி என்கிறார்.

இரண்டும் சரிதான். போன் இருந்தது. ஆபீசில், பெரிய கிராணியின் மேசைக்குப் பின்னால் இருந்த சுவரில், கறுப்பாகத் தொங்கியது. அந்த ஆபீசின் கணக்கு வழக்கெல்லாம் பார்த்தவர் பெரிய கிராணி. அவரும் மேனேஜரும் பேசுவார்கள். பால்மரம் வெட்டுகிற சனங்களுக்கு அது ஒரு மணிச்சத்தம், அவ்வளவுதான்.

யாருக்காவது சாவுச்செய்தி வந்தால், கிராணி ஆள் அனுப்புவார். சம்பந்தப்பட்டவர் வந்து ஆபீஸ் படிக்குக் கீழே நிற்பார். கிராணி வெளியே வந்து சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கூப்பிட்டவர் எப்போதோ போனை வைத்திருப்பார். இவருக்குச் செய்தி கிடைக்கும், குரல் கிடைக்காது.

என் சின்னம்மாவை ஒருமுறை பிரசவத்துக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபீசைச் சனிக்கிழமை மத்தியானம் பூட்டினால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை அடித்திருக்கிறார்கள். குழந்தை பிறந்ததென்று ஒருமுறை, இறந்துவிட்டதென்று ஒருமுறை. திங்கட்கிழமை காலை சித்தப்பாவுக்கு இரண்டு செய்தியும் ஒன்றாகவே வந்தன. அவர் படிக்குக் கீழே நின்று, முதலில் சொன்னதற்குச் சிரித்து, அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அடுத்ததையும் கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே கம்பியில் மூன்று தோட்டங்கள் தொங்கின. மணி அடிக்கும் விதத்தை வைத்துத்தான் யாருக்கு அழைப்பு என்று தெரிந்துகொள்வார்கள். எங்கள் தோட்டத்துக்கு ஒரு நீள மணியும் இரண்டு குட்டை மணியும். ஒரு தோட்டத்தார் பேசிக்கொண்டிருந்தால் மற்ற இருவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு நான் பிளக்கைச் செருகியபோது, அந்தக் கம்பியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

ரொகாயா பிடுங்கிய கயிறு

பேசியவர் பக்கத்துத் தோட்டத்தின் உதவி மேனேஜர். கோலாலம்பூரில் இருந்த ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பேசுவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

குறுக்கிட்டு, அவசரம் என்றேன். இன்னும் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன் என்றார். லம்பத்துக் கரை உடைவதைச் சொன்னேன். அவர் நம்பாமல் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்து ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும், அங்கே யார் போனை எடுக்கப் போகிறார்கள், வீணாக ஏன் என் பேச்சைக் கெடுக்கிறீர்கள் என்றார். மோட்டாரில் ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, இடையில் இருக்கிற பாலம் காலையிலேயே முழுகிவிட்டது என்றார்.

அவர் சொன்னது எல்லாம் உண்மை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. பெரிய கிராணி போர்ட்டிக்சனில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார் என்று போன வாரமே அம்மா சொல்லியிருந்தார். மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் இருப்பதே இல்லை.

எங்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. காசு கொடுத்துப் பேசுகிறவரின் பேச்சைப் போலீசோ ஆஸ்பத்திரியோ கேட்டாலொழிய அறுக்கக் கூடாது. யாரும் கேட்காமல் ஆபரேட்டர் தானாக எந்த நம்பருக்கும் அடிக்கக் கூடாது. இரண்டையும் பயிற்சியில் முதல் நாளே மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ரொகாயா நின்றிருந்தார். கோலப்பிலாவைச் சேர்ந்த மலாய்க்காரர். கண்டிப்பானவர். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். அவர் தன் காதுக்கருவியை என் பலகையில் செருகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கோலாலம்பூர் இணைப்பின் பிளக் கயிற்றைப் பிடுங்கிப் போட்டார். புகார் வந்தால் என் பேரைச் சொல், நீ அடி என்றார் மலாயில்.

அந்த உதவி மேனேஜர் விடவில்லை. திரும்பத் திரும்ப ரிசீவரை எடுத்துக் கத்தினார். அவர் எடுக்கும்போதெல்லாம் மணி சரியாக அடிக்காது. கடைசியில் ரொகாயா அவரிடம் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல், இன்னொரு தடவை ரிசீவரை எடுத்தால் உங்கள் பேரைப் போலீசுக்குக் கொடுப்பேன் என்றார். அப்புறம் கம்பி அமைதியானது.

ஒரு நீளம், இரண்டு குட்டை

அடித்தேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. காத்திருந்தேன். மறுபடி அடித்தேன்.

அந்த ஆபீஸ் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மேட்டில் இருந்தது. பலகைத் தரை. கண்ணாடிச் சட்டங்கள் போட்ட ஜன்னல். மணி அடித்தால் கீழே பைப்படிவரை கேட்கும். லயத்தில் யார் காதிலாவது விழும். ஆனால் விழுந்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பக்கம் போகவே யாரும் யோசிப்பார்கள். சம்பளப் பெட்டி அந்த அறையில்தான் இருந்தது.

ரோட்டோரச் சீனர் கடைக்கும் அடித்தோம். கடைக்காரர் எடுத்தார். தோட்டத்துக்குப் போகிற செம்மண் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் என்றார். மறுபடி ஆபீசுக்கே அடித்தேன். மற்ற தகடுகள் விழுந்துகொண்டிருந்தன. அவற்றைப் பக்கத்து நாற்காலிப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். மணி அடிக்கிற சாவியை அழுத்தி அழுத்தி என் விரல் மரத்துவிட்டது. ரொகாயா நகரவில்லை.

காவலாளி மறுபடி கூப்பிட்டார். கரை போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

திடீரென்று கம்பியில் சத்தம் மாறியது. தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சல் என் காதுக்குள் வந்தது.

"யாரு? ஆபீஸ்ல யாரும் இல்ல லா. கிராணி கல்யாணத்துக்குப் போயிட்டாரு. நாளைக்கு அடிங்க."

ஒரு பெண் குரல், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல. ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று புரிந்தது. வைத்துவிடப் போகிறார் என்பதும் புரிந்தது. கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"வைக்காதீங்க. நான் தனம், கீழ்லயத்துப் பெருமாள் மக. கம்பி தொங்குற பக்கத்த வாய்கிட்ட வைங்க."

கடகடவென்று ஏதோ உருண்டது. அப்புறம் குரல் கிட்டத்தில் வந்தது.

"தனமா? நான் அஞ்சலை. நீ எங்கேருந்துடி பேசுற?"

"சிரம்பான்லேருந்து. அக்கா, நல்லாக் கேளுங்க. மேல லம்பத்துக் கரை ஒடைஞ்சி போச்சி. அந்தத் தண்ணி முழுக்க ஆத்துல வருது. கீழ்லயத்துல ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துங்க. சாமான் ஒண்ணும் எடுக்க வேணாம்."

"நெசமாவா?"

"நெசந்தாங்க்கா. எங்கப்பாவுக்குக் காது கேக்காது. கதவத் தட்டினா எந்திரிக்க மாட்டாரு. உள்ள போயி எழுப்புங்க."

"சரி" என்றார். போன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பியே செத்துவிட்டது. மணி அடிக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் போயிற்று.

சாயங்காலம்வரை

என் வேலை நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. வீட்டுக்குப் போ என்று ரொகாயா சொன்னார். எந்த வீட்டுக்கு? நான் தங்கியிருந்தது சிரம்பானில் ஒரு வாடகை அறை. இங்கே உட்கார்ந்திருந்தால் கம்பி உயிர் வந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஒருவர் டாக்சி கேட்டார். ஒரு அம்மாள் மலாக்காவில் இருந்த மகளிடம் ஊறுகாய் போடுவதைப் பற்றிப் பேசினார். எல்லாரையும் சேர்த்து வைத்தேன். நடுநடுவே அந்தச் செத்த கம்பியில் பிளக்கைச் செருகிப் பார்ப்பேன்.

ரொகாயா பால் விடாத தேநீர், தே-ஓ, ஒன்று கொண்டுவந்து வைத்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் அழைப்புகளில் பாதியை எடுத்துக்கொண்டார். மேற்பார்வையாளர்கள் பலகையில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பஸ் போகிறவரை போய், அதற்கப்புறம் ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டோரமாக நடந்தேன். அட்டை காலில் ஏறியது. குனிந்து பிடுங்கத் தோன்றவில்லை. கடைசி மேட்டில் நின்று பார்த்தபோது கீழ்லயம் இல்லை. பழுப்புத் தண்ணீரில் இரண்டு தகரக் கூரைகள் மட்டும் சாய்ந்து தெரிந்தன. எங்கள் வீடு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சனங்கள் புகைக்கொட்டகையில் இருந்தார்கள். ரப்பர் தகடுகளைப் புகையில் காயவைக்கிற கட்டடம் அது. மேட்டில் இருந்தது. உள்ளே இருட்டில் ஈரத்துணியும் ரப்பர் புகையும் சேர்ந்து நாறின. அம்மா அங்கே ஒரு மூலையில் யார் குழந்தைக்கோ சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில். என்னைப் பார்த்ததும், அந்த அஞ்சலை என்னை முடியப் பிடிச்சி இழுத்துட்டா என்று புகார் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒருவரைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். மாடு வைத்திருந்த சின்னசாமி மேட்டுக்கு வந்துவிட்டு, கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட மறுபடி இறங்கியிருக்கிறார். தண்ணீர் அப்போதுதான் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதரில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

அந்தப் பக்கம் நடந்தது

அஞ்சலை அக்கா மருந்தடிக்கிற வேலை செய்தவர். புல் சாகிற மருந்தை முதுகில் சுமந்து நாள் முழுக்க மரங்களுக்கு இடையே நடக்க வேண்டும். கணவர் மரப்பலகை ஏற்றுகிற லாரியில் கிளீனர். வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு பெண்பிள்ளைகள்.

அன்று கீழ்லயத்துப் பைப்பில் சேறாக வந்ததால், இரும்பு வாளியோடு ஆபீஸ் பக்கத்துப் பைப்புக்கு வந்திருக்கிறார். மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. வாளி நிறைந்த பிறகும் அவர் போகவில்லை. இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கிராணி வீட்டுக்கு ஓடிப் பார்த்தார், பூட்டியிருந்தது. ஆபீசில் கை வைத்தால் போலீஸ் கேஸாகிவிடும் என்று ஒரு மண்டோர் எச்சரித்தார். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் சொன்னால் யாரும் மீறுவதில்லை.

அக்கா வாளியில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினார். காலி வாளியால் ஜன்னல் கண்ணாடியை அடித்தார். உள்ளே கைவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கண்ணாடி கிழித்துவிட்டது.

கீழ்லயத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. ஆறு அப்போது வழக்கமான மழைக்கால ஆறாகத்தான் இருந்ததாம். பெருமாள் மகள் போனில் சொன்னாள் என்றதற்குச் சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் கை ரத்தமாக வடிந்துகொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் அவர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தாய்மார் பின்னாலேயே ஓடினார்கள். தாய்மார் போனதும் மற்றவர்களும் போனார்கள்.

விசாரணை

வெள்ளம் வடிந்ததும் புகார்கள் வந்தன. பக்கத்துத் தோட்டத்து உதவி மேனேஜர் எழுதிப்போட்டதில் ரொகாயாவுக்குக் கண்டனம் வந்தது. எனக்கு வேலை நிரந்தரமாவது தள்ளிப்போயிற்று. அது பரவாயில்லை.

தோட்டத்தில் அஞ்சலை அக்கா மேல் ஆபீசை உடைத்ததாகக் குற்றம் சாட்டி வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குற்றம் நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அது தோட்டத்து வீடு.

நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்றதும் எங்கள் பெரிய அதிகாரி கூப்பிட்டுவிட்டார். போனில் கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று சேரும்போது நாங்கள் சத்தியம் செய்திருக்கிறோம். மீறினால் வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் அப்பா அம்மாவுக்கு அப்போது சாப்பாடு.

ரொகாயாவிடம் சொன்னேன். அன்றைக்கு அந்தக் கம்பியில் பேசியது யார் என்று கேட்டார். நானும் அஞ்சலை அக்காவும் என்றேன். காவலாளி யாரிடம் சொன்னார் என்று கேட்டார். என்னிடம்தான், யாரிடமாவது சொல்லச் சொல்லி என்றேன். அப்படியானால் அது நீ ஒட்டுக்கேட்ட பேச்சு இல்லை, உன்னுடைய பேச்சு, போய்ச் சொல்லு என்றார். அதையே அதிகாரியிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

விசாரணை அதே ஆபீஸ் அறையில் நடந்தது. உடைந்த ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். மேனேஜர், பெரிய கிராணி, சிரம்பானிலிருந்து வந்த தொழிற்சங்கச் செயலாளர், அக்கா, நான். அக்காவின் கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் நம் நாட்டுக்காரர்தான், வெள்ளைக்காரர்கள் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. அந்த அறைக்குக் கம்பெனியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தமிழ் நன்றாகவே பேசுவார். அக்காவிடம் கேட்டார்.

"தண்ணி வந்தத நான் இல்லேன்னு சொல்லல. நான் கேக்கறது அதுக்கு முன்னாடி. கண்ணாடிய ஒடைக்கிறப்போ வெள்ளம் வரப்போவுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

செயலாளர் அக்காவையே பார்த்தார். ஆறு ஏறுவதைப் பார்த்துப் பயந்துபோய் உதவி கேட்கத்தான் உடைத்தேன் என்று சொல்லச் சொல்லி, வெளியே மரத்தடியில் அவருக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் கூடவே நின்றேன்.

"தெரியாது தொரை" என்றார் அக்கா.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப எதுக்கு ஒடைச்ச?"

அக்கா சுவரில் தொங்கிய போனைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம இங்க ஆளு இல்லேன்னு அடிக்கிறவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் விடாம அடிச்சாங்க. அப்ப கிராணியக் கூப்பிடல, எங்களத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்."

கிராணி தரையைப் பார்த்தார்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். வேலை போகாது, வீடும் போகாது. ஆனால் சட்டம் சட்டம்தான். இன்னும் இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் வெளியே நிற்க வேண்டும். இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் ஆபீசை உடைப்பார்கள் என்றார் மேனேஜர். செயலாளர் இதுவே பெரிது என்றார். அக்கா தலையாட்டினார்.

பெரட்டுக்களம்

மறுநாள் நான் தோட்டத்தில்தான் இருந்தேன். விடியலில் பெரட்டு. ஆபீசுக்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்க, கிராணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். பேரைக் கேட்டதும் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும்.

கிராணி முதல் பேரைக் கூப்பிட்டார். அந்த ஆள் எதிரில்தான் நின்றார். பதில் சொல்லவில்லை. இரண்டாவது பேர். மூன்றாவது. யாரும் வாய் திறக்கவில்லை. என் அப்பா பேர் வந்தது. அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக் கிராணி உரக்கக் கூப்பிட்டார். அப்பா அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடிப் பேசி முடிவெடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் இன்றுவரை யாரும் சொல்லமாட்டார்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று எச்சரித்த அந்த மண்டோரும் தன் பேருக்குப் பதில் சொல்லவில்லை.

மேனேஜர் வெளியே வந்தார். வெளுத்துக்கொண்டு வந்தது. வெயில் ஏறினால் மரத்தில் பால் குறைந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். ஒரே நாளில் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிய தோட்டங்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம்.

அக்கா வரிசையில் இல்லை. நிற்க உரிமையில்லாததால் ஆயக்கொட்டகைச் சுவரோரமாக, குழந்தைகளை விடுகிற இடத்தில், தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் வரிசையைப் பார்த்தார். அப்புறம் அந்தச் சுவரைப் பார்த்தார். கிராணியிடம் எதையும் கேட்காமல், அவரே கூப்பிட்டார்.

"அஞ்சலை."

"இருக்கேன் தொரை."

கிராணி முதல் பேரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்தமுறை எல்லாரும் பதில் சொன்னார்கள்.

கொட்டகை ஓரத்து போன்

இரண்டு மூன்று வருடங்கள் கழித்து ஆயக்கொட்டகைத் தாழ்வாரத்தில் காசு போட்டுப் பேசுகிற போன் ஒன்றை வைத்தார்கள். ரொகாயா அதற்காக அலைந்தது எனக்குத் தெரியும். அந்தக் கண்டனம் அவர் பேரில் இருந்ததால், மேலே யாரும் அவர் சொல்வதைச் சுலபமாகக் காதில் வாங்கவில்லை. மாற்றலாகிப் போகிற வாரம்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

எண்பதுகளில் கிராமப்புற வளர்ச்சி, தகவல் தொடர்பு என்று பெரிய பெரிய கூட்டங்கள் நடந்தன. எங்களையும் வரிசையாக உட்காரவைத்துப் பேசினார்கள். எனக்கு மேடையில் பேசுகிறவரின் குரல் ஏறாது. அந்தத் தாழ்வாரம்தான் கண்ணில் நிற்கும்.

போன் வந்த புதிதில் அக்காவிடம் கேட்டேன், யாருக்காவது பேசினீர்களா என்று. எனக்கு யார் இருக்கிறார்கள் அடிக்க என்றார். ஆனால் மணி அடித்தால் எடுப்பது அவர்தான். அந்த வேலைக்கு யாரும் அவரை வைக்கவில்லை. வீடு பக்கத்தில் இருந்தது, மருந்தடிக்கிற வேலையை விட்டு ஆயக்கொட்டகைக்கு மாறியிருந்தார், எடுத்தார்.

செனாவாங் ஃபேக்டரியில் வேலை செய்கிற பெண்கள் அம்மாவிடம் பேசக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். சில சமயம் அந்த அழைப்பு என் பலகைக்கு வரும். பேரைச் சொல்வேன். "இரு, கூட்டியாறேன்" என்பார். ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடுவார்.

அது சுவரில் மோதி ஆடுகிற சத்தம் கேட்கும். குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்கும். அதற்கும் அப்பால், லயத்தின் அந்தக் கோடியில், அவர் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவது கேட்கும்.

நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர்கள் வரும்வரை இத்தனை நேரம்தான் காத்திருக்கலாம், தாண்டினால் இணைப்பை அறுக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நான் கயிற்றைப் பிடுங்காமல் உட்கார்ந்திருப்பேன்.